வலப்பக்கத்து இருக்கை

புருஷன் செத்துப்போய்விட்டான் என்று யாராவது வாயைத் திறந்து சொல்லமாட்டார்களா என்று தவம் கிடந்த ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். முத்தியால்பேட்டையில் அப்படி ஒருத்தி இருந்தாள். கமலவேணி என்று பெயர். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது நெற்றியில் வட்டமாகக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு, தலையில் ஒரு முழம் கதம்பம் எல்லாம் இருக்கும். அப்படி மங்களகரமாகத் தெருவில் இறங்குகிறவளைக் கண்டால் எதிரே வரும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

அவள் புருஷன் ஆதிமூலம் விமானப் பட்டாளத்தில் மெக்கானிக். அறுபத்தொன்பதாம் வருஷம், வங்காளத்துப் பக்கம் ஒரு விமானத்தளத்திலிருந்து ஒருநாள் காணாமல் போனான். லீவு கேட்டிருந்தான், கிடைக்கவில்லை, அதனால் ஓடிப்போய்விட்டான் என்று மேலே இருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். போலீஸ் வந்து வீட்டைச் சோதனை போட்டது. பரணில் ஏறிப் பார்த்தார்கள், அரிசிப் பானைக்குள்ளேகூடக் கையை விட்டுத் துழாவினார்கள். ஆறடி ஆள் அரிசிப் பானைக்குள் எப்படி ஐயா இருப்பான் என்று கேட்க அவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி இரண்டாவது தீபாவளிகூட வந்திருக்கவில்லை.

புதுச்சேரியில் பட்டாளத்துக்காரன் வீடு என்றால் தனி மரியாதை உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவனை சொல்தா என்பார்கள். சொல்தா வீட்டம்மா என்றால் மீன்காரிகூடக் கேட்காமலே ஒரு மீன் அதிகம் போடுவாள். கமலவேணிக்குக் கிடைத்த பட்டம் 'ஓடுகாலி சொல்தா பொண்டாட்டி'. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் பொட்டு வைத்துக்கொண்டு போனால், "ஆளு வந்து வந்து போறான் போல" என்றார்கள். ஒருநாள் காய்ச்சலில் பொட்டில்லாமல் வாசலுக்கு வந்தாள், "அப்போ போய்ச் சேந்துட்டானா?" என்று விசாரித்தார்கள். சுமங்கலிகள் அவளை மஞ்சள் நீராட்டுக்குக் கூப்பிடுவதில்லை. தாலியறுத்தவர்கள் தங்கள் பக்கத்தில் உட்கார விடுவதில்லை. இரண்டும் கெட்ட பிழைப்பு.

ஆனால் அவன் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடைசி லீவில் வந்திருந்தபோது அவனே சொன்ன சங்கதி அது. அவர்கள் ஸ்குவாட்ரனில், அதாவது அந்த விமானப் படைப்பிரிவில், ஒரு வழக்கம் இருந்தது. ரிப்பேர் முடிந்த விமானத்தை முதல்முறை மேலே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கும்போது, ரிப்பேர் பண்ணினவனையும் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். "போல்ட்டு முடுக்கினவன் கூட வரணும்" என்பது அவர்களுடைய கமாண்டர் போட்ட சட்டம். எழுத்தில் இல்லாத சட்டம். தானும் கூட ஏறப்போகிறோம் என்று தெரிந்தால் எவன் போல்ட்டை அரைகுறையாக முடுக்குவான்? ஆதிமூலம் இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் ஓடிப்போனதாகச் சொன்ன அதே நாளில்தான் அந்த ஸ்குவாட்ரனின் இரட்டை இருக்கை ஜெட் ஒன்று கடலில் விழுந்தது. விமானமும் அகப்படவில்லை, உடம்பும் அகப்படவில்லை. அதில் பைலட் ஒருத்தர் மட்டும்தான் இருந்தார் என்று விசாரணை முடிந்துவிட்டது. இதையெல்லாம் அவளுக்கு வந்து சொன்னவன் பக்கிரி.

பக்கிரி கருவடிக்குப்பத்துக்காரன். அதே ஸ்குவாட்ரன், ஆதிமூலத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். விமானம் கிளம்பும் முன்னால் பைலட்டை இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட் கட்டி அனுப்புவது அவன் வேலை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்து வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். அந்தக் கடைக்கு கமலவேணி நடந்த நடையில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். போகும்போதெல்லாம் ஒரே கேள்வி, ஒரே பதில்.

"நான் பைலட்டுக்குக் கட்டினேன், எறங்கி வந்துட்டேன் தங்கச்சி. அப்பால எவன் ஏறினான், எவன் எறங்கினான்னு எனக்கு இன்னா தெரியும்?"

அதோடு நிறுத்தியிருந்தாலும் புண்ணியமாகப் போயிருக்கும். ஒரு வருஷம், மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாளில், கும்பலுக்கு நடுவில் அவளைப் பார்த்து, "பம்பாய்ல, தாதர் ஸ்டேஷன்ல நம்ம ஆதிய யாரோ பாத்தாங்களாம் தங்கச்சி. கவலப்படாதே, இருக்கான்" என்று சொல்லிவிட்டான். கூழ் ஆறுவதற்குள் தெரு முழுக்கப் பரவியது. பம்பாயில் அவனுக்கு ஒரு பெண்டாட்டியையும், பிறகு ஒரு பிள்ளையையும் ஊர்க்காரர்களே உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

ஆதிமூலத்தின் அண்ணன் கோவிந்தசாமி காதுக்கும் அது போயிற்று. தம்பிக்கு வருஷா வருஷம் கடலில் இறங்கி எள்ளும் தண்ணியும் விடவேண்டியவர் அவர்தான், கமலவேணிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவள் போய் நின்றாள்.

"உசுரோட இருக்கறவனுக்கு எள்ளெறச்சா அது அவனத்தான் தின்னும்" என்றார் கோவிந்தசாமி. "அந்தப் பாவத்த என் கையால செய்யச் சொல்றியா நீ?"

"உசுரோட இல்ல மூத்தாரே. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? அந்த ஸ்குவாட்ரன்காரன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், நாலு பேரு எதிர்ல ஆதிமூலம் செத்தான்னு சொல்லட்டும். அடுத்த அமாவாசைக்கு நானே எறங்கறேன். ஓடலே, செத்தான்னா எனக்கு மட்டும் பெரும இல்லியா?"

நல்ல மனிதர்தான். நியாயமாகத்தான் பேசினார். நியாயம் பேசுகிற நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் பாடு தெய்வத்துக்குத்தான் தெரியும். கமலவேணி அந்த ஒரு வார்த்தைக்காக அலைந்தாள். புருஷன் அன்னம் தண்ணி இல்லாமல் எங்கோ நின்றுகொண்டு தன்னையே பார்ப்பதுபோல அவளுக்கு இருக்கும். மில்லில் நூல் அறும்போதெல்லாம் அவன் நினைப்பு வந்தது. ஒரு ஷிப்டில் நூல் எத்தனை முறை அறும் என்று மில்லில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

இப்படியே எண்பத்து நாலு வந்தது. அந்த வருஷக் கடைசியில் புதுச்சேரிக்கு ஒரு விமானம் வந்தது, லாரியில்.

இறக்கை தனி, வால் தனி, உடம்பு தனி. அந்த ஸ்குவாட்ரனின் பழைய கமாண்டர், அந்த எழுத்தில் இல்லாத சட்டத்தைப் போட்டவர், வடக்கத்திக்காரர், ஓய்வுக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் வீடு எடுத்துக்கொண்டு தங்கியிருந்தார். விங் கமாண்டர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். எங்கோ ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஜெட்டை எழுதிக் கேட்டு வாங்கி, அதைப் பழையபடி ஆக்கிக் கடற்கரை மைதானத்தில் நிறுத்தி, அங்கேயே ஸ்குவாட்ரன்காரர்களை எல்லாம் ஒருநாள் கூட்டிவைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. கடலில் விழுந்ததும் இதே ரகம்தான். வாம்பயர் என்று பெயர். ரத்தக்காட்டேரி என்று அர்த்தமாம். பெயர் வைக்கிறவர்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லை.

முத்தியால்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டில் வேலை நடந்தது. அந்த ஜெட்டின் மூக்குப் பக்கமெல்லாம் பலகையாம். ஈரத்தில் உப்பிப் போயிருந்ததை மீனவர் குப்பத்திலிருந்து படகு கட்டுகிறவர்கள் வந்து செதுக்கி ஒட்டினார்கள். பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிப்பவர் வெள்ளி வர்ணம் பூசினார். பக்கிரி சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே பழி கிடந்தான். "காட்டேரிக்குக் கல்யாண அலங்காரம் நடக்குது" என்று தெருப் பையன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

கமலவேணி ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம் ஷெட் வாசலில் நின்று பார்ப்பாள். மூக்குக்கு மேலே கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இரண்டு இருக்கை. தோளோடு தோள் உரசுகிற மாதிரி அத்தனை பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம் பைலட் உட்காருவாராம். அவள் வலப்பக்கத்து இருக்கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்கிரி அவளைக் கண்டால் விமானத்தின் அந்தப் பக்கம் போய்விடுவான்.

விழா தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. அந்த ஸ்குவாட்ரன்காரர்கள் அத்தனை பேரும் ஓரிடத்தில் கூடுவது இதுதான் முதல் தடவை, எல்லாருக்கும் வயதாகிவிட்டதால் இதுதான் கடைசித் தடவையும். இதை விட்டால் யார் வாயிலிருந்து வார்த்தை வரும்? அவள் மில்லுக்கு லீவு போட்டாள். கூட வேலை செய்யும் வீராயியிடம் அரக்குப் பட்டுச்சேலை இரவல் வாங்கினாள்.

"எழவு சேதி கேக்கப் போறதுக்குப் பட்டா கட்டுவாங்க?" என்று வீராயி கேட்டாள்.

"ஸ்குவாட்ரன்காரர் சம்சாரமாப் போனாத்தான் உள்ள வுடுவாங்களாம். அப்பறம் எழவு சேதியக் கேட்டுக்கறேன்" என்றாள் கமலவேணி.

கோவிந்தசாமியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய், வேடிக்கை பார்க்கிறவர்களை நிறுத்தியிருந்த கயிற்றுக்குப் பின்னால் நிற்கவைத்தாள். "காத மட்டும் தொறந்து வெச்சிக்கங்க மூத்தாரே" என்று சொல்லிவிட்டுப் பந்தலை நோக்கி நடந்தாள்.

வாசலில் தேவதாஸ் மறித்தார். ரெட்டியார்பாளையத்துக்காரர், அதே ஸ்குவாட்ரனில் சார்ஜெண்டாக இருந்தவர், விழாவுக்கு ஓடியாடி எல்லாம் செய்கிறவர். சட்டையில் ஒரு ரோஜாவும் ரிப்பனும் குத்தியிருந்தார்.

"இன்னாம்மா நீ இங்க? அழைப்பு இருக்குதா?"

"ஏரோப்ளேன் மெக்கானிக் ஆதிமூலத்தோட சம்சாரம் நான். எனக்கு அழைப்பு வேற வெக்கணுமா தேவதாஸ் அண்ணே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு ஒருநாள் வம்பு பண்ணாதேம்மா. பெரிய பெரிய ஆளுங்க வந்திருக்காங்க. உன் காலுல வேணும்னாலும் வுழறேன்."

"வம்பு பண்ண வரலே. எல்லாரும் ப்ளேன்ல உக்காந்து போட்டோ எடுத்துக்கறாங்களாமே, நானும் எடுத்துக்க வந்தேன்."

அவளைத் தள்ளிவிட்டால் அங்கேயே கூச்சல் போடுவாளோ என்று அவருக்குப் பயம். கூச்சலுக்குப் பயந்து கதவைத் திறக்கிறவர்கள் உலகத்தில் அதிகம். அவள் உள்ளே போய் மனைவிமார் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மெட்ராஸிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி, சென்ட் வாசனையோடு, "உங்க ஹஸ்பெண்ட் எங்க?" என்று சிநேகமாகக் கேட்டாள்.

"அதத்தான் கேக்க வந்திருக்கேன்" என்றாள் கமலவேணி. அந்த அம்மாள் நல்ல வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள்.

பாண்டு வாசித்தார்கள். வெயிலில் ஜெட் கண்ணைப் பறித்தது. அதற்குப் பின்னால் கடல். அந்த ஜெட்டைப் பார்க்கப் பார்க்க கமலவேணிக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய வஸ்துவை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, துருவைச் சுரண்டி, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கொண்டாட இவர்களுக்கு நேரம் இருந்தது. அதற்குப் போல்ட்டு முடுக்கின ஒருத்தனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்லை.

ஸ்குவாட்ரனில் உயிரை விட்டவர்களுக்காக எழுந்து நின்று மௌனம் காக்கச் சொன்னார்கள். கடலில் விழுந்த அந்த பைலட்டின் பெயரையும் மைக்கில் சொன்னார்கள். ஆதிமூலம் பெயர் வரவில்லை. எல்லாரும் நின்றார்கள். தான் நிற்கலாமா, உட்காரவேண்டுமா என்று கமலவேணிக்குத் தெரியவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக எழுந்து, அப்படியே நின்றாள். செத்தவனுக்கு நிற்பதற்குக்கூட அவளுக்கு உரிமை தரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு விங் கமாண்டரை ஜெட்டில் ஏற்றினார்கள். எழுபதைத் தொட்ட மனிதர், இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஏணியில் ஏற்றி இடது இருக்கையில் இறக்கிவிட்டார்கள். பக்கிரி காக்கி உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் காலத்தில் செய்த மாதிரியே அவருக்குப் பெல்ட் கட்டினான். தோளுக்கு இரண்டு வார், இடுப்புக்கு இரண்டு வார், நான்கையும் நெஞ்சுக்குக் கீழே ஒரு பூட்டில் கொண்டுவந்து சொருகினான். கைதட்டல் எழுந்தது. அதற்குப் பிறகு அவன் விமானத்தைச் சுற்றி வந்து, வலப்பக்கத்து ஏணியில் ஏறி, ஆளில்லாத அந்த இருக்கையின் வார்களையும் குறுக்கே இழுத்து இறுக்கிக் கட்டிப் பூட்டினான்.

மைக் வைத்திருந்த தேவதாஸ் கேட்டார். "ஆள்தான் இல்லியே பக்கிரி, அப்பறம் காலி சீட்டுக்கு எதுக்குப்பா பெல்ட்டு?"

கும்பல் சிரித்தது. பக்கிரிக்கு அத்தனை பேர் முன்னால் பேச வாய்த்த சந்தோஷம். மைக்கை வாங்கிக்கொண்டான்.

"ஆள் இல்லேன்னாத்தான் சார் முக்கியமாக் கட்டணும். சும்மா வுட்டா, மேல போயி ப்ளேன் பொரளும்போது வாரு எகிறிக் குதிச்சி பைலட் புடிக்கிற ஸ்டிக்குல மாட்டிக்கும். அவ்வளவுதான், ஆளு க்ளோஸ். ரெண்டு சீட்டையும் கட்டாம நான் ஏணிய எடுத்ததே கெடையாது. ஆள் இருந்தா ஆளோட சேத்துக் கட்டுவேன், ஆள் இல்லேன்னா காலி சீட்டக் கட்டுவேன். என் சர்வீஸ்ல ஒருநாள்கூடத் தவறினது இல்ல!"

மறுபடியும் கைதட்டினார்கள். கமலவேணி கைதட்டவில்லை. பைலட்டுக்குக் கட்டிவிட்டு இறங்கிவிட்டேன், அப்பால எனக்கு இன்னா தெரியும் என்று இத்தனை வருஷம் சொன்ன வாய் இதுதான். இரண்டு இருக்கையையும் கட்டாமல் ஏணியை எடுத்ததில்லை என்று சொல்வதும் அதே வாய்தான். அப்படியானால் அன்றைக்கு வலப்பக்கத்து இருக்கையில் இவன் கை பட்டிருக்கிறது. காலி இருக்கையைக் கட்டினானா, ஆளோடு சேர்த்துக் கட்டினானா என்று அந்தக் கைக்குத் தெரியும். தவளை தன் வாயாலேயே கெட்டது.

மனைவிமார்கள் ஒவ்வொருவராக ஏறி, விங் கமாண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கிரி பெல்ட் கட்டிவிட்டான். பெண்கள் கூச்சத்தில் சிரித்தார்கள். கமலவேணி வரிசையில் நின்றாள். தேவதாஸ் அவளைப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். முறை வந்ததும் சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். குறுகலான இடம். விங் கமாண்டரின் தோள் அவள் தோளை இடித்தது. அவர் இன்னொரு விருந்தாளி என்று நினைத்துத் தலையசைத்துச் சிரித்தார்.

ஏணியில் குனிந்த பக்கிரிக்கு அப்போதுதான் ஆள் யாரென்று தெரிந்தது. முகம் வெளுத்துப்போனான்.

"கட்டு அண்ணே" என்றாள் அவள்.

கீழே போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். பக்கிரி வார்களை எடுத்தான். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. பூட்டு இரண்டு தடவை வழுக்கியது. கடைசியில் மாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில், "இறுக்கமா இருக்குதா?" என்று கேட்டுவிட்டான்.

"அவரையும் இப்பிடித்தான் கேட்டியா?"

அவன் ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"காலி சீட்டையும் கட்டாம ஏணிய எடுத்தது இல்லேன்னியே, ஊரே கேட்டுச்சே. அன்னிக்கு இந்த சீட்டுல இன்னா அண்ணே கட்டினே? காலி சீட்டக் கட்டினியா, என் புருஷனக் கட்டினியா? சொல்லு. சொல்ற வரைக்கும் நான் எறங்கமாட்டேன். அறுத்துத் தூக்கிட்டுப் போனாலும் எறங்கமாட்டேன்."

விங் கமாண்டர் என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளே அவர் பக்கம் திரும்பி, "ஆதிமூலம்" என்று மட்டும் சொன்னாள். கிழவரின் சிரிப்பு நின்றது. முன்னாலிருந்த கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்தார். பிறகு பக்கிரியைப் பார்த்து, மெதுவாக, "நோ" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பாஷை தேவையில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் இவர் எதற்கு 'நோ' சொல்லவேண்டும்? இத்தனை வருஷம் தேடியது எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அவள் பக்கிரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னக் கும்புடறேன் அண்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இவரு மேல கேஸு போடமாட்டேன், உன்ன ஒரு வார்த்த ஏசமாட்டேன். அவரு ஓடலேன்னு சொல்லு. செத்தாருன்னு சொல்லு. அதோ கயித்துக்கு அந்தாண்ட மூத்தார் நிக்கறாரு பாரு. மைக்குல ஒரே ஒரு தடவ சொல்லு. நாளான்னிக்கு அமாவாச. அவரு தொண்ட நனையட்டும் அண்ணே. பதினாறு வருஷமா தாகத்தோட நிக்கறாரு."

பக்கிரி அழ ஆரம்பித்தான். ஏணியில் நின்றபடி, தொப்பி போட்ட ஐம்பது வயது ஆள், அவள் மடியில் கண்ணீர் சொட்ட அழுதான்.

"நான்தான் கட்டினேன் தங்கச்சி" என்றான். "இந்தக் கையாலதான் கட்டினேன். எழுத்துல இல்லாம ஆள ஏத்தினது வெளிய தெரிஞ்சா கமாண்டர் தல போயிடும்னு, ஒருத்தர்தான் ஏறினாருன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன். ஊருக்கு வந்து உன்னப் பாத்தேன். இத்தினிப் பொண்ணு, நெத்தி நெறையப் பொட்டு. என் வாயால அத அழிக்கணுமான்னு இருந்துச்சி. அது இருக்கற வரைக்கும் இருக்கட்டுமேன்னுதான் பம்பாய்னு ஒரு பொய்யச் சொன்னேன். உனக்கு நல்லது பண்றதாத்தான் நெனச்சேன்."

"நல்லது பண்ணினே" என்றாள் அவள். "இந்தப் பொட்ட வெச்சிக்கினு நான் பட்டத ஒருநாளாவது வந்து பாத்தியா?"

"தப்புதான். தப்புதான் தங்கச்சி."

"போவட்டும் வுடு. மைக்க வாங்கு."

"வாங்கறேன். சொல்லிடறேன். எனக்கும் நெஞ்சு தாங்கலே." முகத்தைத் துடைத்துக்கொண்டான். விங் கமாண்டர் மறுபடி 'நோ' சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கிரி கீழே பார்த்து மைக்குக்காகக் கையை நீட்டினான். தேவதாஸ் தயங்கித் தயங்கி அதை மேலே தூக்கிக் கொடுத்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கோவிந்தசாமி கழுத்தை நீட்டி நின்றார்.

மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பக்கிரி ஒரு கணம் அவளைப் பார்த்தான். அத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தது திறந்துகொண்டால் லேசில் நிற்குமா? மைக்கை ஒதுக்கிப் பிடித்து, அவளிடம் மட்டும் சொன்னான்.

"அன்னிக்குச் சிரிச்சிக்கினேதான் ஏறினான் தங்கச்சி. நீ பார்சல்ல பொருளங்கா உருண்ட அனுப்பியிருந்தியே, ரெண்டு தின்னுட்டு வந்து உக்காந்தான். நான் வாரை இழுக்கறேன், 'டேய் பக்கிரி, மெதுவாடா, வேணி போட்ட உருண்ட வயித்துல கல்லாட்டம் கெடக்குது, இறுக்காதே'ன்றான். எனக்குச் சிரிப்பு. ஒரு பிடி தளத்திதான் வுட்டேன். அதுதான் அவன் பேசின கடேசிப் பேச்சு."

கமலவேணியின் கை அவன் மணிக்கட்டிலிருந்து நழுவியது. வேணி என்று அவளைக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒரு ஆள். அந்தப் பெயரை அவள் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. மாவு வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சி, கை பொறுக்காத சூட்டில் பிடித்த உருண்டை அது. பாகு முற்றிப்போய்விட்டது, கல்லாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். அவன் வயிற்றில், இப்போது அவள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே ஓர் இருக்கையில், இதே போல நான்கு வார்களுக்கு உள்ளே அது கிடந்திருக்கிறது. அவன் சிரித்திருக்கிறான். பிறகு கண்ணாடிக் கூண்டை மூடியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் அவளுக்கு வெறும் வார்த்தையாக இருந்த சாவு, மைக்கில் சொன்னால் இப்போதுதான் நிஜமாக நடக்கும் போலிருந்தது.

வார்கள் நெஞ்சை அழுத்தின. கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கிரி தொண்டையைக் கனைத்தான். மைக் கரகரவென்று மைதானம் முழுக்க இரைந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான். "நம்ம ஸ்குவாட்ரன்ல ஆதிமூலம்னு ஒரு..."

அவள் பாய்ந்து, கட்டியிருந்த வார் அனுமதித்த மட்டும் எட்டி, மைக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் அண்ணே" என்றாள். "இரு. அவசரப்படாதே. நல்லா யோசிச்சிப் பாரு. அந்த உருண்டைய நீங்க படுக்கற பாரக்குல எல்லாருந்தானே தின்னீங்க? அன்னிக்கு இந்த சீட்டுல வேற யாரையாச்சும் கட்டியிருப்பே."